மேதையும் விமர்சகனும்: ஒரு கடிதத்தின் வரலாறு

மேதைகளைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் நம்மிடையே இருவகை மனப்பான்மைகள் தலைகாட்டுகின்றன. ஒன்று வழிபாடு. ஒருவரை மேதை என்று ஏற்றுக்கொண்டுவிட்டால் அவர் எழுதியன யாவும் வேதம். அவற்றிற் குறை காண்பது அபசாரம். மற்றையது அந்த வழிபாட்டின் மறுபுறம். நமக்கு உடன்பாடற்ற கருத்தொன்றை அம்மேதை வெளியிட்டுவிட்டால், அவருடைய ஆக்கங்கள் அனைத்தையும் அள்ளிக் குப்பையிற் கொட்டிவிடுவது. முன்னையதைப் பழமைவாதிகள் செய்கின்றனர் என்று நாம் அடிக்கடி குறை கூறுகின்றோம். பின்னையதை முற்போக்காளர்களாகிய நாமே பல வேளைகளிற் செய்துவிடுகின்றோம் என்பதை ஒப்புக்கொள்வதில் தவறில்லை.

உயர்தர வகுப்பில் இலக்கியம் கற்பிக்கும் எமக்கு இவ்விரு மனப்பான்மைகளும் நன்கு பழக்கமானவை. பாடநூலில் இடம்பெற்ற ஒரு பெரும் புலவரின் கருத்தை மறுத்து எழுதலாமா என்ற பேச்சு வகுப்பில் எழுந்தபோது, மாணவன் ஒருவன் எழுந்து, “பெரியவர்கள் சொன்னதைப் பிழை என்று நாங்கள் எப்படி எழுதுவது, சேர்? புள்ளி குறைந்துவிடாதா?” என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. ஆனால் அவ்வினா சிரித்து ஒதுக்கத்தக்கதன்று. மேதையை மதிப்பது எங்ஙனம், மறுப்பது எங்ஙனம், சுயமாகச் சிந்திப்பது என்பதற்கு என்ன விலை கொடுக்கவேண்டும் என்ற மூன்றும் அதனுள் அடங்கியுள்ளன. அதற்கு விடையாக ஒரு கடிதத்தின் வரலாற்றை இங்கு கூற விரும்புகின்றோம். அது 1847ஆம் ஆண்டில் ருஷ்ய விமர்சகர் பெலின்ஸ்கி, நாவலாசிரியர் கொகோலுக்கு எழுதிய கடிதம்.

1

விசாரியன் பெலின்ஸ்கி 1811இற் பிறந்தவர். தந்தை கடற்படை வைத்தியராக இருந்து, பின்னர் பென்சா மாகாணத்துச் சிற்றூரொன்றில் வைத்தியம் பார்த்தவர். 1829இல் பெலின்ஸ்கி மொஸ்கோப் பல்கலைக்கழகத்தில் அரசாங்கச் செலவில் பயிலும் மாணவராகச் சேர்ந்தார். பண்ணையடிமை முறையின் கொடுமைகளைச் சாடும் நாடகம் ஒன்றை எழுதித் தணிக்கைக்குச் சமர்ப்பித்தார். தணிக்கைக் குழுவில் வீற்றிருந்தோர் அதே பல்கலைக்கழகத்தின் பேராசிரியர்கள். நாடகம் ஒழுக்கக்கேடானதெனத் தள்ளப்பட்டது. 1832இல் மாணவரும் தள்ளப்பட்டார். நீக்கத்துக்கு ஏடுகளில் எழுதிவைக்கப்பட்ட காரணங்கள் இரண்டு: உடல்நலக் குறைவு, ஆற்றற் குறைவு.

ஆற்றல் குறைந்தவர் என்று பல்கலைக்கழகத்தாற் சான்று வழங்கப்பெற்ற இந்த இளைஞர், இரண்டாண்டுகளின் பின் ருஷ்ய இலக்கிய உலகையே அதிரவைத்தார். 1834இல் அவர் தொடராக வெளியிட்ட முதற் பெருங்கட்டுரை, உண்மையான பொருளில் ருஷ்யாவுக்கென ஓர் இலக்கியம் இன்னும் உருவாகவில்லை என்று துணிந்து கூறிற்று. ஆங்காங்கே சில பெரும் எழுத்தாளர்கள் தோன்றினர். ஆனால் மக்களின் வாழ்வை வெளிப்படுத்தித் தொடர்ந்து வளரும் இலக்கியம் தோன்றவில்லை என்பது அவர் வாதம். பட்டமும் பதவியும் பெற்ற புலவர்களின் பெயர்களை வரிசையாக ஒப்புவிப்பதே விமர்சனம் என்றிருந்த காலத்தில் இது பெருந்துணிவு.

அடுத்த ஆண்டில், கொகோலின் கதைகளைப் பற்றிய கட்டுரை வெளிவந்தது. அப்போது கொகோலுக்கு வயது இருபத்தாறு, பெலின்ஸ்கிக்கு இருபத்துநான்கு. கீழ்நிலை எழுத்தர்களையும் அற்பப் பிரபுக்களையும் பற்றி எழுதும் கொகோல் இழிசுவைக்காரர் என்று, அரசாங்கத்தின் ஆசிபெற்ற பத்திரிகைகள் எள்ளி நகையாடின. பெலின்ஸ்கியோ, ருஷ்ய இலக்கியத்தின் தலைமை இடம் இனிக் கொகோலுக்கே உரியது என்று எழுதினார். வாழ்வை உள்ளவாறு காட்டி, முதலிற் சிரிப்பையும் பின்னர் துயரையும் எழுப்பும் அந்த எழுத்தின் தன்மையை அவர் இனங்கண்டார். யாரும் சொல்லித்தந்து அவர் இதனைக் காணவில்லை.

1842இல் கொகோலின் ‘இறந்த ஆன்மாக்கள்’ வெளிவந்தது. அக்கால ருஷ்யாவில் நிலப்பிரபுவின் செல்வத்தை அவனிடமிருந்த ஆண் அடிமைகளின் தொகை கொண்டே கணக்கிட்டனர். ஓர் அடிமைக்குப் பெயர் ஓர் ‘ஆன்மா’. ஒரு குடிசன மதிப்பீட்டிலிருந்து அடுத்தது வரையும் இறந்த அடிமைக்கும் உடையவன் வரி செலுத்தியாகவேண்டும். இந்த ஓட்டையைப் பயன்படுத்தி, இறந்த அடிமைகளைக் காகிதத்தில் மலிவாக வாங்கி, அவர்களை உயிருள்ளவர் போல் ஈடுவைத்துப் பணம் பெற முயலும் ஒருவனின் கதை அது. மொஸ்கோவில் தணிக்கை அதிகாரிகள் தடை எழுப்பினர். கொகோல் பெலின்ஸ்கியை இரகசியமாகச் சந்தித்து, கையெழுத்துப் பிரதியைத் தலைநகருக்கு எடுத்துச் செல்லும் பொறுப்பை அவரிடமே ஒப்படைத்தார். சந்திப்பு இரகசியமானது, ஏனெனில் கொகோலின் மொஸ்கோ நண்பர்கள் பழைய ருஷ்யாவின் மகிமை பாடுவோர், பெலின்ஸ்கியை வெறுப்போர்.

நூல் வெளிவந்ததும் அந்நண்பர்களுள் ஒருவரான கொன்ஸ்தந்தீன் அக்சாக்கொவ், கொகோலை ஹோமருக்கு இணையாக வைத்துப் போற்றிச் சிறுநூல் ஒன்று வெளியிட்டார். கொகோலைக் கண்டெடுத்து உயர்த்திய பெலின்ஸ்கி இதனைக் கண்டு மகிழ்ந்திருக்கவேண்டும் என்று நாம் எண்ணலாம். அவர் கண்டித்தார். நூலின் உயிர், ருஷ்யாவின் நோயைக் காட்டும் அதன் நகைப்பிலே உள்ளது. புராதனக் காவிய மகிமை என்னும் பொன்னாடையைப் போர்த்தினால் அந்த நோய் மறைந்துபோகும் என்பது அவர் நிலைப்பாடு. அளவுமீறிய புகழ்ச்சியும் ஒரு படைப்பைக் கொல்லக்கூடும் என்பதை அவர் அன்றே உணர்ந்திருந்தார்.

2

ஐந்து ஆண்டுகள் கழிந்தன. கொகோல் பெரும்பாலும் வெளிநாடுகளில் வாழ்ந்தார். நோயும் சமய அச்சமும் அவரைப் பற்றிக்கொண்டன. 1847ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவருடைய ‘நண்பர்களுடனான கடிதங்களிலிருந்து தேர்ந்த பகுதிகள்’ வெளிவந்தது. அதில் கொகோல், ஜாரின் வரம்பற்ற ஆட்சியையும் திருச்சபையையும் போற்றினார். நிலப்பிரபுவின் அதிகாரம் இறைவன் வகுத்த ஒழுங்கு என்று அடிமைகளுக்கு எடுத்துக்கூறுமாறு பிரபுக்களுக்குப் போதித்தார். குடியானவனுக்கு எழுத்தறிவு பெரிதும் வேண்டுவதில்லை என்றார். ‘இறந்த ஆன்மாக்கள்’ எழுதிய அதே கை இதனை எழுதிற்று.

பெலின்ஸ்கி அப்போது ‘சமகாலத்தவன்’ என்ற சஞ்சிகையில் எழுதிக்கொண்டிருந்தார். அவரது மதிப்புரை தணிக்கையாற் சிதைந்து வெளிவந்தது. அதனைப் படித்த கொகோல், தம்மீதுள்ள சொந்தக் கோபத்தால் பெலின்ஸ்கி இவ்வாறு எழுதினார் என எண்ணி வருந்திக் கடிதம் வரைந்தார். அக்கடிதம் பெலின்ஸ்கியை அடைந்தபோது அவர் சிலேசியாவிலுள்ள சால்ஸ்புரூன் என்ற ஊற்றுநீர்ச் சிகிச்சை நகரில் இருந்தார். காசநோய் முற்றியிருந்தது, நண்பர்கள் கூடித் திரட்டிய பணத்திலேயே அங்கு வந்திருந்தார். தணிக்கையாளன் கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தமையால், வாழ்நாளில் முதன்முறையாக மனதில் உள்ளதை உள்ளபடி எழுதினார். கடிதத்தின் நாள் 1847 யூலை 15.

அக்கடிதத்தின் சாரம் இதுவே. புண்பட்டது எனது தற்பெருமையன்று. அப்படியாயின் நான் மௌனமாக இருந்திருப்பேன். உண்மையும் மனித மாண்பும் புண்படும்போது மௌனம் சாதித்தல் இயலாது. தன் நாட்டின் மானத்தையும் நம்பிக்கையையும் நேசிக்கும் ஒருவன் அந்நாட்டின் தலைசிறந்த எழுத்தாளனை எவ்வளவு நேசிக்கமுடியுமோ அவ்வளவு நான் உங்களை நேசித்தேன். நீங்கள் ருஷ்யாவைத் தூரத்திலிருந்து பார்க்கின்றீர்கள். அந்நாட்டுக்கு வேண்டுவன உபதேசங்களும் பிரார்த்தனைகளும் அல்ல. நூற்றாண்டுக் கணக்காகச் சேற்றிற் புதைந்துபோன மனித மாண்பை மக்கள் மீண்டும் உணரவேண்டும். அடிமைமுறை ஒழியவேண்டும், கசையடி ஒழியவேண்டும், ஏற்கெனவே உள்ள சட்டங்களாவது ஒழுங்காக நடைமுறைக்கு வரவேண்டும். எழுத்தாளரையே இருளிலிருந்து காக்கும் தலைவராக மக்கள் கருதும் நாடு இது. ஆகவே அழகில்லாத நூலை மன்னிப்பார்கள், நஞ்சான நூலை மன்னிக்கமாட்டார்கள்.

பெலின்ஸ்கி இங்கே கொகோலின் பழைய நூல்களைக் கைவிடவில்லை என்பது கவனிக்கத்தக்கது. ‘இறந்த ஆன்மாக்கள்’ ருஷ்யா தன்னையே கண்ணாடியிற் காண உதவிய நூல் என்பதைக் கடிதத்திலும் வற்புறுத்துகின்றார். அந்த நூல்களின் பேரிலேதான் புதிய நூலை எதிர்க்கின்றார். அதாவது, மேதையின் சாட்சியத்தைக் கொண்டே மேதையின் தீர்ப்பை மறுக்கின்றார். இதே உண்மையை நாற்பது ஆண்டுகளின் பின் எங்கெல்ஸ் வேறொரு மேதையிடம் கண்டார். 1888இல் எழுதிய கடிதமொன்றில், அரசியலில் முடியாட்சிப் பக்கம் நின்ற பல்சாக், தம் சொந்தச் சார்புகளையும் மீறிப் பிரபுக்களின் வீழ்ச்சியைச் சித்தரித்தமையை யதார்த்தவாதத்தின் பெருவெற்றி என மதித்தார். ஓர் எழுத்தாளனின் கண் கண்டதை அவனது கருத்து ஏற்காமல் இருக்கக்கூடும். அவ்விரண்டையும் பிரித்தறிவதே விமர்சகனின் தொழில். பிரித்தறியாதவன் வழிபடுவான், அல்லது வசைபாடுவான்.

கொகோல் என்ன செய்தார்? நீண்டதொரு மறுப்பை எழுதினார். எழுதியதைத் தாமே கிழித்தார். பின்னர், பெலின்ஸ்கியின் சொற்களிலும் ஓரளவு உண்மை இருக்கக்கூடும் என்று ஒப்புக்கொண்டு, சிறிய கடிதம் ஒன்றையே அனுப்பினார். கிழிக்கப்பட்ட துண்டுகளைப் பிற்கால ஆய்வாளர்கள் ஒட்டிச் சேர்த்துள்ளனர். அந்தத் துண்டுகளை எண்ணும்போது எமக்குக் கொகோலின் மீது இரக்கமே உண்டாகின்றது. சரியான சொல்லும் சில வேளைகளில் நோயுற்ற மனிதன் ஒருவனைச் சென்று தாக்குகின்றது.

3

பெலின்ஸ்கி 1848இல், முப்பத்தேழு வயது நிறைவதற்கு முன்பே இறந்தார். சிறையில் அடைக்குமுன் இவர் தப்பிவிட்டாரே என்று இரகசியப் பொலிசின் தலைமை அதிகாரி ஒருவர் வருந்தியதாகச் சொல்லப்படுகின்றது.

கடிதமோ சாகவில்லை. கைப்பிரதிகளாக அது ஊர் ஊராகப் பரவியது. 1849 ஏப்ரலில், பெத்ராஷெவ்ஸ்கி என்பவர் வீட்டிற் கூடிய குழுவொன்றில் இருபத்தேழு வயது எழுத்தாளர் ஒருவர் அதனை உரக்கப் படித்தார். அவர்தாம் தொஸ்தயேவ்ஸ்கி. அவருடைய முதல் நாவலாகிய ‘ஏழை மக்கள்’ கையெழுத்துப் பிரதியாக இருந்தபோதே படித்து, அவருடைய ஆற்றலை முதலில் உணர்ந்து வரவேற்றோருள் முக்கியமானவர் பெலின்ஸ்கி. கடிதத்தைப் பரப்பியமை, தொஸ்தயேவ்ஸ்கி மீதான குற்றச்சாட்டுகளுள் முதன்மையானதாயிற்று. மரண தண்டனை விதிக்கப்பட்டது. டிசம்பர் மாதத்துக் கடுங்குளிரிலே கொலைக்களத்துக்குக் கொண்டுசென்று நிறுத்தி, துப்பாக்கிகள் குறிபார்த்த பின்னரே தண்டனை மாற்றப்பட்டதாக அறிவித்தனர். நான்கு ஆண்டுகள் சைபீரியாவிற் கடூழியச் சிறை.

ஒரு கடிதத்தைப் படித்தமைக்கு ஓர் அரசு கொடுத்த விலை இது. அக்கடிதம் 1855இல், நாடு கடந்து வாழ்ந்த ஹேர்சனால் லண்டனில் அச்சேறியது. ருஷ்யாவுக்குள் முழுமையாக அச்சேற இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை காத்திருக்க நேர்ந்தது. பெலின்ஸ்கியின் கைப்பட்ட மூலப்பிரதி இன்றில்லை. பெயர் அறியாத மனிதர்கள் பலர் படியெடுத்தமையாலேயே அது நமக்குக் கிடைத்தது.

அவர்கள் யாவர்? இதற்கு விடை, எதிர்முகாமைச் சேர்ந்த ஒருவரின் வாக்குமூலத்தில் உள்ளது. கொன்ஸ்தந்தீனின் தம்பியாகிய இவான் அக்சாக்கொவ் 1856இல் மாகாணங்களிற் பயணம் செய்தபோது, மாகாண நகரங்களில் இக்கடிதத்தை மனப்பாடமாக அறியாத உயர்நிலைப் பாடசாலை ஆசிரியர் எவருமில்லை என்று வீட்டுக்கு எழுதினார். நேர்மையான மனிதன் ஒருவனைத் தேடினால், பெலின்ஸ்கியின் வாசகரிடையே தேடவேண்டும் என்பது அவர் கண்ட உண்மை. குறைந்த சம்பளமும் மேலதிகாரியின் கண்காணிப்பும் உடைய அந்த ஆசிரியர்கள், இரவில் விளக்கொளியிற் கடிதத்தைப் பிரதி செய்தார்கள். ஐந்தாண்டுகளின் பின், 1861இல் பண்ணையடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. கடிதம் ஒன்றே அதனை ஒழித்ததெனக் கூறுவது பேதைமை; ஆனால் அம்முறையை நியாயமெனக் கருத இயலாத ஒரு தலைமுறையை அக்கடிதம் உருவாக்கியது.

4

இதுவரை கூறியதோடு நிறுத்தினால் நாமும் ஒரு புதிய விக்கிரகத்தைச் செய்தவர்களாவோம். பெலின்ஸ்கி தவறாதவரல்லர்.

1830களின் இறுதியில், உள்ளதெல்லாம் அறிவுக்கு ஒத்ததே என்று ஹெகலைப் பொருள்கொண்டு, ஜாரின் ஆட்சிக்கும் நியாயம் கற்பித்தார். அக்காலத்து அவருடைய கட்டுரைகளைக் கண்டு ஹேர்சன் நட்பையே முறித்துக்கொண்டார். ஆனால் இரண்டு ஆண்டுகளுக்குள் பெலின்ஸ்கி தம் தவற்றை உணர்ந்தார். நண்பர்களுக்கு எழுதிய கடிதங்களில் தம்மைத் தாமே கண்டித்தார். தனி மனிதனின் துயரைப் பொருட்படுத்தாத எந்தப் பேரொழுங்கும் தமக்கு வேண்டாம் என்ற முடிவுக்கு வந்தார். சுயசிந்தனை என்பது பிறரை மறுப்பது மாத்திரமன்று. நேற்றைய தன்னை மறுக்கத் துணிவதும் அதுவே. அதுவே கடினமானதும் ஆகும்.

இன்னொரு தவற்றை அவர் உணரவேயில்லை. தாராஸ் ஷெவ்சென்கோ பண்ணையடிமையாகப் பிறந்து, நண்பர்கள் பணம் கொடுத்து மீட்க விடுதலை பெற்று, உக்ரேனிய மொழியின் பெருங்கவிஞரானவர். 1847இல் அவர் கைதுசெய்யப்பட்டு, சாதாரணச் சிப்பாயாக ஒரென்பர்க்குக்கு அனுப்பப்பட்டார். எழுதவும் ஓவியம் வரையவும் கூடாது என்று ஜார் தன் கையாலேயே குறித்தான். கொகோலுக்கு அக்கடிதத்தை எழுதிய அதே ஆண்டின் இறுதியில், பெலின்ஸ்கி தம் நண்பர் அன்னென்கொவுக்கு எழுதும்போது, இக்கவிஞருக்குக் கிடைத்த தண்டனையை எள்ளி, அது தகுமென்றே எழுதினார். உக்ரேனிய மொழியில் உயர்ந்த இலக்கியம் எழ முடியும் என்பதை அவர் நம்பவில்லை. அடிமைகளுக்காகக் குரல் கொடுத்தவர், அடிமையாகப் பிறந்த கவிஞனின் குரலைக் கேட்கவில்லை. காரணம், அக்குரல் பெரும்பான்மையின் மொழியில் ஒலிக்கவில்லை. இத்தகைய அலட்சியத்தின் வலியை இலங்கைத் தமிழ் வாசகருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. முற்போக்கு என்ற பெயர் நம் கண்ணிலுள்ள எல்லாத் திரைகளையும் தானாகவே விலக்கிவிடாது.

5

பெலின்ஸ்கி இறந்து ஏறத்தாழ நூறாண்டுகள் கழிந்து, 1946 ஆகஸ்டில், சோவியத் கம்யூனிஸ்டுக் கட்சியின் மத்தியகுழு இரண்டு லெனின்கிராட் சஞ்சிகைகளைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. கவிஞர் அக்மாத்தோவாவும் நகைச்சுவை எழுத்தாளர் சொஷ்செங்கோவும் எழுத்தாளர் சங்கத்திலிருந்து நீக்கப்பட்டனர். இத்தீர்மானத்தை விளக்கி உரையாற்றிய ஷ்தானொவ், தம் நிலைப்பாட்டுக்கு முன்னோராக எடுத்துக்காட்டிய பெயர்களுள் ஒன்று பெலின்ஸ்கி. அத்தீர்மானம் 1988வரை நீக்கப்படவில்லை.

இடதுசாரிகளாகிய நாம் இதனைக் கூறக் கூசவேண்டியதில்லை. கூறாமல் விடுவதற்கே கூசவேண்டும். இலக்கியம் மக்களுக்குக் கடமைப்பட்டது என்ற கருத்து பெலின்ஸ்கியினுடையதே. ஆனால் அதனைச் சொன்னவர் நின்ற இடம் வேறு. பெலின்ஸ்கியிடம் சஞ்சிகைகளை மூடும் அதிகாரம் இருக்கவில்லை. அவரிடம் இருந்தவை ஓர் எழுதுகோலும் இருமலும் மாத்திரமே. கொகோல் திருப்பி எழுதலாம்; மறுக்கலாம்; மௌனமாகவும் இருக்கலாம். தண்டனை வரக்கூடிய இடம் விமர்சகனின் பக்கமே. 1946இலோ விமர்சகனுக்கு ஆபத்தில்லை. விமர்சிக்கப்பட்டவரின் உணவுப் பங்கீட்டு அட்டை பறிபோயிற்று. அவ்வாறு பேசப்படுவதற்குத் தணிக்கை என்பதே பெயர். ஜாரின் பேரில் நடந்தாலும் மக்களின் பேரில் நடந்தாலும் பெயர் மாறுவதில்லை.

தொஸ்தயேவ்ஸ்கி பிற்காலத்திற் பெலின்ஸ்கியின் கருத்துகளுக்கு முற்றிலும் பகைவரானார். அவரைக் கடுஞ்சொற்களாற் சாடினார். எனினும் 1877இல், தம் முதல் நாவலைப் பற்றிப் பெலின்ஸ்கி தம்முடன் பேசிய அந்த நாளைத் தம் வாழ்வின் மிக மகிழ்ச்சியான நேரமென நினைவுகூர்ந்தார். அதிகாரத்திலிருந்து வந்த சொல் இத்தகைய நினைவை விட்டுச்செல்வதில்லை.

இனி, புள்ளி குறைந்துவிடாதா என்று கேட்ட மாணவனிடம் திரும்புவோம். குறையக்கூடும். பெலின்ஸ்கிக்கு அவருடைய பல்கலைக்கழகம் இட்ட புள்ளி யாது என்பதை மேலே கண்டோம். ஆனால் இவ்விடையை மாணவன் தலையிற் சுமத்திவிட்டு நாம் விலகிக்கொள்ள முடியாது. விடைத்தாளைத் திருத்துபவர்கள் நாம். பெரும் புலவரின் ஓர் அடியை ஊன்றிப் படித்து, காரணம் காட்டி, இக்கருத்தை நான் ஏற்கவில்லை என்று ஒரு மாணவன் எழுதும்போது, நமது சிவப்பு மை எந்தப் பக்கம் சாய்கின்றது? நாம் விரும்பும் முற்போக்குக் கருத்தையே அவன் மறுத்து எழுதினால் அப்போதும் அதே நேர்மையுடன் புள்ளியிடுகின்றோமா? ருஷ்ய மாகாண நகரங்களில் விளக்கின் கீழ் அமர்ந்து கடிதத்தைப் படியெடுத்த ஆசிரியர்களின் வழியில் வந்தவர்கள் என்று நம்மைக் கூறிக்கொள்ள விரும்பினால், இவ்வினாவை நாம் அடுத்த விடைத்தாட் கட்டை அவிழ்க்கும்போதே எதிர்கொண்டாக வேண்டும்.